நின்றுபோன எக்ஸ்எல், பாதியில் நிற்கும் மிக்சி, தள்ளிவிட்டால் சுற்றும் ஃபேன்: எதற்குச் செலவு செய்யலாம்?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு. 2006-ஆம் ஆண்டு வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் நவம்பர் மழையில் கொல்லையில் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. கிக் இறங்குகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மிக்சி தேங்காய் அரைக்கும்போது பாதியில் நின்றுபோகிறது. கூடத்து ஃபேனைத் துடைப்பக்கட்டையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது. மெக்கானிக், "இன்ஜின் போச்சு, 15 வருசம் தாண்டுன வண்டியை ஓட்டவும் கூடாது, எடைக்குப் போட்டுடுங்க" என்கிறார், அப்பாவுக்கு மனசில்லை. இதுதான் நீங்கள் எழுதியிருப்பது. மூன்றில் எதற்குப் பணம் போடலாம், எதை விட்டுவிடலாம், அதை மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்பாமல் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் பழைய பொருளிலும் ஏதோ ஒரு பாகம்தான் அதன் விலை. அது போனால் மற்றதைச் சரிசெய்து பயனில்லை. ஃபேனுக்கு வைண்டிங் (செம்புக் கம்பிச் சுருள்), மிக்சிக்கு ஆர்மெச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்), எக்ஸ்எல்லுக்கு கிராங்கும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஃபிரேமும். மீதி எல்லாம் தேய்வதற்கென்றே வைத்த சாமான்கள். அவற்றை மாற்றுவதைச் செலவு என்றே கணக்கு வைக்கக் கூடாது. உங்கள் மூன்று பொருளிலும் அந்த முக்கியப் பாகத்தை இதுவரை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கிக் இறங்குகிற வண்டியைக் கழற்றாமலே இன்ஜின் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. போகவில்லை என்று இங்கிருந்து என்னாலும் சொல்ல முடியாது.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். தள்ளிவிட்டால் சுற்றும் ஃபேனில் ஏறக்குறைய எப்போதும் கெப்பாசிட்டர்தான் காரணம். சீலிங் ஃபேனில் இரண்டு வைண்டிங் உண்டு. கிளம்புவதற்கான உந்துதலை இரண்டாவது வைண்டிங்குக்குக் கொடுப்பது அந்தச் சின்ன வெள்ளை டப்பா. வருசக்கணக்கான சூடும் ஈரமும் சேர்ந்தால் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். ரெகுலேட்டரை 5-இல் வைத்தாலும் 2-இல் ஓடுவதுபோல் ஓடும். பிறகு ஒருநாள் கிளம்பவே கிளம்பாது. பெரும்பாலான ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று போட்டிருக்கும். பழையதன் மேல் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். "4 போட்டா வேகமா ஓடும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். ஓடும், ஆனால் வைண்டிங் சூடாகிச் சீக்கிரம் கருகிவிடலாம். மாற்றும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே இறக்குங்கள். பழைய வீடுகளில் பேஸுக்குப் பதில் நியூட்ரலை சுவிட்சில் கொடுத்திருப்பது சகஜம். மேலே உள்ள கிண்ணத்தை இறக்கினால் கெப்பாசிட்டரிலிருந்து வரும் இரண்டு ஒயர் தெரியும். அவற்றுக்கு இடம் வலம் கிடையாது. நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. மாற்றியும் கிளம்பவில்லை என்றால் இறக்கையைக் கையால் சுற்றி விடுங்கள். நான்கைந்து சுற்று தானாகப் போய் நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று உடனே நின்றால் பேரிங் மாற்ற வேண்டும், பழைய பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் வைண்டிங் போய்விட்டது என்று பொருள். அப்போது ரீவைண்டிங் வேண்டாம் என்பது என் கருத்து. பழைய ஃபேன் 75 வாட் வரை இழுக்கும். இப்போதைய பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) 28 முதல் 35 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட் மிச்சம், இரண்டு மாத பில்லில் சுமார் 30 யூனிட்.

மிக்சி பாதியில் நிற்பதற்குப் பல காரணம் இருக்கலாம், ஆனால் நிற்கிற விதமே பாதியைச் சொல்லிவிடும். அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும், ஓவர்லோட் சுவிட்ச். நின்றதும் அது வெளியே தள்ளியிருந்தால், பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினால் மறுபடி ஓடினால், மோட்டார் பாரம் தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. உடனே மோட்டாரைக் குறை சொல்லாமல் ஜாரைப் பாருங்கள். காலி ஜாரைக் கவிழ்த்து அடியில் உள்ள கப்ளரை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் பிளேடைத் தாங்கும் புஷ் துருப்பிடித்திருக்கிறது. ஜாரைத் தூக்கினால் மோட்டார் மேல் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதே புஷ்ஷின் சீல் போய், தேங்காய்ப் பாலும் சட்னித் தண்ணீரும் ஷாஃப்ட் வழியாக மோட்டாருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. டெல்டாவில் மிக்சியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஜாருக்குப் புது புஷ் போட ஆகும் செலவை மிச்சம் பிடித்து ஆர்மெச்சரைத் தொலைத்த வீடுகள் ஏராளம்.

பொத்தான் வெளியே வராமல் விட்டுவிட்டு ஓடினால், தட்டினால் ஓடினால், கார்பன் தேய்ந்திருக்கிறது. இரண்டு கார்பனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒருபக்கம் அழுத்தம் கூடித் தீப்பொறி அதிகமாகும். கார்பன் உரசும் செம்பு வளையத்தை ஜீரோ நம்பர் மணல் பேப்பரால் லேசாகத் துடையுங்கள். எமரி பேப்பர் கூடாது; அதன் தூள் மின்சாரம் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். புதுக் கார்பன் போட்ட பிறகும் வளையத்தைச் சுற்றி நெருப்பு வட்டம்போல் ஓடினால் ஆர்மெச்சர் போய்விட்டது, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மோட்டார் மேலே உள்ள கப்ளரின் பற்கள் மழுங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம் திருகினால்தான் அது கழலும். எதிர்ப்பக்கம் முட்டினால் இன்னும் இறுகும்.

இனி வண்டி. கிக்கை அமுக்கும்போது எதிர்ப்பு தெரிந்து இறங்குகிறது என்றால் பிஸ்டன் இறுகவில்லை, ரிங்கும் ஓரளவு பிடிக்கிறது. இது உறுதியான நல்ல செய்தி. கெட்ட செய்தி, இது டூ ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்கின் அடியில் எண்ணெய் நிற்கும். எக்ஸ்எல் சூப்பரில் அது கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் கிராங்க் அறை வழியாகப் போய் பேரிங்கை நனைக்கிறது. ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ புகுந்த தண்ணீர் அந்த அறையின் அடியில் தங்கினால் பேரிங்குகள் அதிலேயே ஊறும். இரண்டு நாளில் எடுத்துக் காயவைத்திருந்தால் கவலையில்லை. மூன்று வாரம் என்பதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது.

ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீரை எடுக்கும் வரை யாரும் கிக் அடிக்க வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் இருந்து இன்ஜின் வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, ஓட்டையின் மேல் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு கிக்கைக் கையாலேயே மெதுவாகப் பதினைந்து இருபது முறை இறக்குங்கள். துணியில் வருவதைப் பாருங்கள். தெளிந்த தண்ணீரும் பெட்ரோல் வாடையும் என்றால் நம்பிக்கை வைக்கலாம். டீத் தண்ணீர் நிறத்தில் வந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. பிறகு பிளக் ஓட்டையில் 10 மில்லி 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில்) ஊற்றுங்கள். அது பிளாக்குக்கு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) மட்டும்தான் போகும். கிராங்குக்குப் போக வேண்டும் என்றால் கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்காரும் வாய் வழியாக இன்னொரு 20 மில்லி விட்டு, மெதுவாகச் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிட வேண்டும். பலர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகி ஒரு மாதத்தில் பேரிங் சத்தம் வருவது அதனால்தான்.

மறுநாள் மேக்னெட் மூடியைத் திறந்து உள்ளே கிராங்கின் நுனியில் இருக்கும் காந்தச் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்கோ கைக்கோ ஆட்டம் தெரியவே கூடாது. தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. சுற்றும்போது மண் அரைபடுவதுபோல் சத்தம் வந்தாலும் அதே கதைதான். கனெக்டிங் ராடைப் பார்க்க ஹெட்டையும் பிளாக்கையும் தூக்க வேண்டும். ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடுவது சரிதான், அதைக் காட்டி ராடு போச்சு என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். இரண்டிலும் ஆட்டம் இல்லையென்றால் மெக்கானிக் சொன்னது தவறு. ஆட்டம் இருந்தால் கிராங்க் கேஸைப் பிரித்து, பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் புது ராடு அடித்து, இரண்டு மெயின் பேரிங், இரண்டு ஆயில் சீல், பேக்கிங் எல்லாம் போட வேண்டும். மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் அளவிலான ஊர்களில் இந்த வேலை நடக்கும். சில ஆயிரம் ஆகும். அதைச் செய்யலாமா என்பதை ஃபிரேமைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலை உள்ளே இருப்பது தெரிகிற, காய்ந்த காலி பாட்டிலில் முழுதும் வடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு பட்டை நின்றால், உருண்டை உருண்டையாக ஏதாவது தங்கினால், அது தண்ணீர். வெள்ளத் தண்ணீர்தான் புகுந்திருக்க வேண்டும் என்றில்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையே இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் பாதி டேங்கோடு வண்டி சும்மா நின்றால் இந்த ஈரமும் சேரும், அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். பெட்ரோல் டேப் எடுப்பதோ அடியிலிருந்துதான். அந்தக் கலவையில் 2டி ஆயில் கரையாது. அதாவது ஸ்டார்ட் ஆகாமல் போவதுகூடப் பரவாயில்லை, ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஆயிலே இல்லாமல் இன்ஜின் ஓடும். அந்தப் பெட்ரோலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். ஈரம் கார்புரேட்டரின் உலோகத்தை அரித்தது அது. ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் சின்ன ஓட்டைத் திருகு) கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் ஊக்கு, இரும்புக் கம்பி எதையும் விடாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை ஒரு தடவை பெரிதாகிவிட்டால் பிறகு மைலேஜ் திரும்பாது. மின்சார ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும், இல்லாவிட்டால் பஞ்சர் கடைக் காற்று. பழைய பெட்ரோல் டியூப் பிசுபிசுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உரித்துவிடும்.

பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, உடம்பு ஹெட்டில் படும்படி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடித்துக் கிக் அடித்தால் நீலமாக, டிக் என்ற சத்தத்தோடு பொறி வர வேண்டும். ஓட்டையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும், அதனால்தான் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். மஞ்சளாக மெலிந்து வந்தால் முதலில் பிளக் கேப்பைக் கழற்றி ஒயரின் நுனியைக் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். பச்சை பூத்த நுனிதான் பாதி வண்டிகளில் பிரச்சினை. பிளக் இடைவெளிக்கு ஆக்சா பிளேடு ஒன்று உரசிக்கொண்டு நுழைந்தால் சரி, அது ஏறக்குறைய 0.6 மி.மீ. பொறியே இல்லையென்றால் மேக்னெட் காயிலை வெயிலில் வைத்துக் காயவைத்து மறுபடி பாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் காயிலா, சிடிஐயா (பொறியை நேரத்துக்குக் கொடுக்கும் மின்னணுப் பெட்டி) என்பதை இன்னொரு வண்டியின் சாமானை மாற்றிப் போட்டுத்தான் சொல்ல முடியும். கண்ணால் பார்த்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கியர் ஆயிலை வடித்தால் பால் காபி நிறத்தில் வரலாம், தண்ணீர் கலந்ததன் அடையாளம். புது ஆயில் ஊற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள், ஒரு தடவையில் சுத்தமாகாது. பிரேக் டிரம் இரண்டையும் திறந்து காயவைக்க வேண்டும். சக்கர அச்சைச் சுற்றி வைக்கோல் இறுகியிருக்கும். ரோட்டில் நெல் காயவைக்கும் ஊரில் இது இல்லாத வண்டியே கிடையாது. பிளேடால் அறுத்து எடுக்காவிட்டால் அது பேரிங் சீலைத் தின்றுவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிஷம் வெள்ளைப் புகை கொட்டும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் புகை தொடர்ந்து, கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய் இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காமல் கத்தினால் மேக்னெட் பக்கத்து சீல் வழியாகக் காற்று இழுக்கிறது. இந்த இரண்டாவதை அலட்சியம் செய்து ஓட்டினால் பிஸ்டன் உருகிப் பிடித்துவிடும். வண்டி ஓடுகிறது, ஆனால் பாலத்தில் ஏறத் திணறுகிறது என்றால் சைலன்சரையும் அது மாட்டும் பிளாக் வாயையும் பாருங்கள், கரி கட்டியிருக்கும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து அந்த வாயை மூடிய நிலையில் மரக்குச்சியால் சுரண்டுங்கள், கரி உள்ளே விழாது. இனி பெட்ரோல் போடும்போது லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், அதைத் தனிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலோடு குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்றுங்கள். "ஒரு கை கூட ஊத்தினா இன்ஜினுக்கு நல்லது" என்பது நம் பக்கத்து நம்பிக்கை; கரி கட்டுவதைத் தவிர அதில் லாபமில்லை.

15 வருசம் தாண்டினால் ஓட்டக் கூடாது என்பது தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்குப் பொருந்தாது. டில்லி வட்டாரக் கட்டுப்பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். இங்கே 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2000 ரூபாய் ஆகிவிட்டது. உங்களுடையது 2006 என்பதால் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 75 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் வந்த விகிதப்படி ஆண்டுக்கு 538 ரூபாய், வரி தனி.

கடைசி முடிவு ஃபிரேமில். அப்பா இந்த வண்டியில் உர மூட்டை ஏற்றியிருந்தால் இதை மிகவும் கவனமாகப் பாருங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பின் பங்காளி. மூட்டையிலிருந்து சிந்தியது கால் வைக்கும் தகட்டுக்கு அடியில் களிமண்ணோடு சேர்ந்து அப்பிக்கொண்டால் வருசம் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். கடற்கரைப் பக்கம் மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதிதான். மண்ணைக் கழுவிக் காயவிட்டு, இன்ஜின் மாட்டும் இடம், பின்சக்கரக் கை சேரும் மூட்டு, தகட்டின் அடிப்பக்கம் இந்த மூன்றையும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் முனையால் குத்திப் பாருங்கள். தகட்டில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். குழாயிலோ மூட்டிலோ முனை இறங்கினால் கிராங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியில் பாரம் ஏற்றக் கூடாது. அரித்த குழாயில் வைத்த வெல்டிங் அதன் பக்கத்திலேயே விட்டுப்போகும். அந்த நிலை என்றால் கார்புரேட்டர், மேக்னெட், நல்ல பிளாக் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றுவிட்டு மிச்சத்தை எடைக்குப் போடுங்கள். போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை நீக்கிவிட வேண்டும். வண்டி நிரந்தரமாகப் பயனற்றுப்போனால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. அதைச் செய்யாமல் கொடுத்தால், அந்த நம்பர் பிளேட்டோ சேஸிஸ் எண்ணோ வேறு எந்த வண்டியில் போய் ஏறினாலும் போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் அப்பாவைத்தான்.